ஒரு நாட்டின் பண்பாடு பெண் பிரதமரைத் தடுக்கிறதா?

பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் பெண்கள் எப்போதோ பிரதமராகிவிட்டார்கள். பெண்ணுரிமைக்குப் பெயர்போன ஸ்வீடனில் 2021 வரை அது நடக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு பெண் இன்னும் அதிபராகவே இல்லை. அப்படியென்றால் பண்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா, இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களை உறுத்துவது கடைசியில் எழுதிய அந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்: மக்கள் மனம் மாறும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லையா? ஒப்பீட்டு அரசியல் படித்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதையே கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது இதைக் கேட்பார்கள். என் பதிலும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்திருக்கிறது.

தொடர்பு இருக்கிறது. ஆனால் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் இல்லை. வாக்குச்சாவடியில் நிற்கிறவரின் மனத்தில் பண்பாடு செய்யும் வேலையைவிட, யாரை வேட்பாளராக நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அறைக்குள் அது செய்யும் வேலை பெரிது. அப்புறம், ஒரு பெண் உச்சிக்குப் போவது வேறு, பெண்கள் போவதற்குப் பாதை இருப்பது வேறு. நீங்கள் சொன்ன நாடுகள் புதிராகத் தெரிவதற்குக் காரணம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான்.

முதலில் தெற்காசியாவை எடுத்துக்கொள்வோம். 1960 ஜூலை 21 அன்று இலங்கையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். அதற்குப் பத்து மாதங்களுக்கு முன்புதான், பிரதமராக இருந்த அவருடைய கணவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பெனசீர் பூட்டோவின் தந்தை 1979-இல் தூக்கிலிடப்பட்டார். ஷேக் ஹசீனாவின் தந்தை 1975-இலும், கலீதா ஜியாவின் கணவர் 1981-இலும் ராணுவத்தினர் கையில் இறந்தார்கள். பிலிப்பைன்ஸில் பின்னர் அதிபரான கொரசோன் அக்கினோவின் கணவர் 1983-இல் மணிலா விமான நிலையத்தில் கொல்லப்பட்டார். நிகரகுவாவில் பின்னர் அதிபரான வயலெட்டா சமோராவின் கணவர், பத்திரிகை ஆசிரியர், 1978-இல் கொல்லப்பட்டார். இத்தனை நாடுகளில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். இங்கெல்லாம் பண்பாடு ஒதுங்கி நின்று வழிவிட்டது என்று சொல்ல முடியாது. பண்பாடேதான் கதவைத் திறந்தது. குடும்பப் பெயரும் ரத்த உறவும் தியாகத்தின் நினைவும் அந்தச் சமூகங்களில் பாலினத்தைவிடக் கனமானவை. கணவனின் பணியை மனைவி தொடர்வதும் தந்தையின் சபதத்தை மகள் நிறைவேற்றுவதும் அங்கே மரபை மீறுவதாகவே தெரியவில்லை.

ஆனால் அந்தக் கதவு அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்கு மட்டும் திறந்துவிட்டு மூடிக்கொண்டது. 1994-இல் சந்திரிகா குமாரதுங்க அதிபராகவும் அவருடைய தாய் சிறிமாவோ பிரதமராகவும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். அதே இலங்கை நாடாளுமன்றத்தில் பெண்களின் பங்கு பல பத்தாண்டுகளாக 5 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. அரசியல் குடும்பத்தைச் சாராத ஒரு பெண், ஹரிணி அமரசூரிய, அங்கே பிரதமராக 2024 வரை ஆயிற்று. முதல் பெண் பிரதமருக்கும் அவருக்கும் இடையே 64 ஆண்டுகள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'வாரிசு' என்று ஒரே சொல்லில் இந்தப் பெண்களை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. 1966-இல் காங்கிரஸின் பெரிய தலைவர்கள் இந்திரா காந்தியை முன்னிறுத்தியபோது, தங்கள் சொல்லைக் கேட்பார் என்றே நம்பினார்கள். மூன்றே ஆண்டுகளில் கட்சி உடைந்தது, ஒதுங்கிப் போனது அவர்கள்தான். சிறிமாவோ 1965-இல் தோற்று, 1970-இல் தேர்தலில் வென்று திரும்பி வந்தார். பெனசீர் சிறையிலும் வீட்டுக்காவலிலும் ஆண்டுகளைக் கழித்தார். குடும்பம் வாசல்வரை கொண்டுவந்து விட்டது. உள்ளே நிலைத்து நின்றது அவர்களுடைய திறமை. தந்தையின் இடத்துக்கு வந்த ஆண் தலைவர்களும் உலகெங்கும் நிறைய இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லை நாம் இவ்வளவு சுலபமாக எடுப்பதில்லை.

அடுத்து, பதவியின் வடிவம். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும், ராணுவத்துக்கும் தலைமை தாங்கும் அதிபர் பதவியைவிட, பிரதமர் பதவி பெண்களுக்கு எட்டக்கூடியதாக இருந்திருக்கிறது. பிரதமரைத் தேர்வது கட்சியும் நாடாளுமன்றமும். அங்கே உடன் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் திறமை தெரியும். பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் 1975-இல் சக உறுப்பினர்களின் வாக்கில் கட்சித் தலைவரான பிறகுதான், 1979-இல் நாட்டின் முன் போய் நின்றார். நார்வேயில் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் 1981-இல் முதல்முறை பிரதமரானது, பதவியில் இருந்தவர் விலகியதால். அமெரிக்காவில் இந்த வழியே கிடையாது. கட்சிக்குள் நீண்ட தேர்தல், பிறகு நாடு முழுக்க ஒரு தேர்தல், அதிலும் மாநிலவாரியான கணக்கு. 2016-இல் ஹிலாரி கிளின்டன் எதிராளியைவிடச் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். அதை முழுக்கப் பண்பாட்டின் தீர்ப்பு என்று எழுதினால் அது தவறான வாசிப்பு.

ஆனால் பதவியின் வடிவம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. லத்தீன் அமெரிக்காவில் இருப்பவை வலுவான அதிபர் பதவிகள். ஆண்மைப் பெருமிதத்துக்குப் பேர்போன பகுதி என்றே அதைப் பாடநூல்கள் சொல்லும். அங்கேதான் சிலியில் மிச்செல் பாச்செலெட் 2006-இலும், அர்ஜென்டினாவில் கிறிஸ்டினா பெர்னாண்டஸ் 2007-இலும், பிரேசிலில் தில்மா ரூசெஃப் 2011-இலும் அதிபரானார்கள். 2024-இல் மெக்சிகோவின் முன்னணி வேட்பாளர்கள் இருவருமே பெண்கள். கிளாடியா ஷெயின்பாம் வென்றார். இடையில் என்ன நடந்தது? வேட்பாளர்களில் பெண்களுக்குப் பங்கு ஒதுக்கும் சட்டத்தை 1991-இல் அர்ஜென்டினா கொண்டுவந்தது. அது பகுதி முழுக்கப் பரவியது. மெக்சிகோ 2014-இல் வேட்பாளர் பட்டியலில் சரிபாதியை அரசியலமைப்பிலேயே எழுதியது; 2019-இல் அரசின் எல்லாக் கிளைகளுக்கும் அதை விரித்தது. பத்து, இருபது ஆண்டுகள் பெண்கள் சட்டமன்றத்திலும் அமைச்சரவையிலும் மாநில ஆட்சியிலும் பழகிய பிறகு, அதிபர் வேட்பாளர் யார் என்ற பேச்சு வரும்போது சொல்வதற்குப் பெண்களின் பெயர்கள் இருந்தன. ஒதுக்கீட்டுச் சட்டம் நேராக ஓர் அதிபரை உருவாக்கியது என்று நான் சொல்லவில்லை. அப்படி நிரூபிக்க முடியாது. தேர்ந்தெடுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

கட்சியின் அறைக்குள்தான் பெரிய வேலை நடக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேன். அதற்கு மாணவர்களிடம் நான் எப்போதும் காட்டுவது ஜெர்மனியையும் நியூசிலாந்தையும். ஜெர்மனியில் ஒரே நாளில், ஒரே மக்கள், இரண்டு வாக்குகள் போடுகிறார்கள்: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிப் பட்டியலுக்கு. பட்டியல் வழியே வரும் பெண்களின் பங்கு தொகுதி வழியே வருவதைவிடத் தொடர்ந்து அதிகம். வாக்காளரும் அவர்தான், பண்பாடும் அதுதான். ஒரே ஒருவருக்கு சீட் கொடுக்க வேண்டிய இடத்தில் கட்சி பழகிய ஆணைத் தேடுகிறது. இருபது பேரின் பட்டியலில் ஒரு பெண்ணும் இல்லையென்றால் அது அசிங்கமாகத் தெரியும், அதனால் சேர்க்கிறது. நியூசிலாந்து 1996-இல் இந்தக் கலப்பு முறைக்கு மாறியபோது பெண்களின் பங்கு ஒரே தேர்தலில் 21 சதவீதத்திலிருந்து 29 சதவீதமானது. மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டின் மனம் அவ்வளவு மாறியிருக்க முடியாது. மாறியது விதி. பிரான்ஸ் இதற்கு மறுபக்கம். 2000-இல் சரிபாதி வேட்பாளர் சட்டம் வந்தது. மீறினால் அரசு தரும் நிதியில் பிடித்தம். 2002 தேர்தலில் பெரிய கட்சிகள் பணத்தை இழக்கத் தயாராக இருந்தன, பெண்களை நிறுத்தத் தயாராக இல்லை. தேசியச் சபையில் பெண்கள் 12 சதவீதத்தைச் சுற்றியே நின்றார்கள்.

சரி, அப்படியானால் மக்களின் மனப்பாங்கு ஒன்றுமே செய்யவில்லையா? செய்கிறது. 'மொத்தத்தில் பெண்களைவிட ஆண்களே நல்ல அரசியல் தலைவர்கள்' என்ற வாக்கியத்தை உலக விழுமியங்கள் ஆய்வு (World Values Survey) பல நாடுகளில் பல ஆண்டுகளாக மக்கள் முன் வைத்துக் கேட்டு வருகிறது. அதை ஏற்பவர்கள் அதிகமுள்ள நாடுகளில் நாடாளுமன்றத்தில் பெண்கள் பொதுவாகக் குறைவு. இந்தத் தொடர்பு பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எது எதற்குக் காரணம் என்பதில்தான் சிக்கல். மனம் மாறியதால் பெண்கள் வந்தார்களா, பெண்கள் வந்ததால் மனம் மாறியதா?

இதற்கு எனக்குத் தெரிந்து மிகத் தெளிவான சான்று மேற்கு வங்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறது. 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் குறைந்தது மூன்றில் ஒன்று பெண்களுக்கு. எந்த ஊர் என்பது குலுக்கல் போன்ற ஒரு சுழற்சியில் வந்ததால், ஊரின் பண்பாடு அதைத் தீர்மானிக்கவில்லை. அதனால் ஒரு சோதனைக்கூடம் போல ஒப்பிட முடிந்தது. ஆய்வாளர்கள் ஒரு தலைவரின் உரையைப் பதிவு செய்து, ஒரு சொல்கூட மாறாமல், சிலருக்கு ஆண் குரலிலும் சிலருக்குப் பெண் குரலிலும் போட்டுக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பெண் தலைமையையே பார்த்திராத ஊர்களில் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைவாக மதிப்பெண் கொடுத்தார்கள். பெண் தலைவர் இருந்த ஊர்களில் அந்த இடைவெளி கிட்டத்தட்ட மறைந்தது. இரண்டு முறை ஒதுக்கீடு இருந்த ஊர்களில், ஒதுக்கீடு இல்லாத இடங்களிலும் பெண்கள் கூடுதலாக நின்றார்கள், வென்றார்கள். இதே ஆய்வில், 'தலைவராக ஆண் இருப்பதே எனக்குப் பிடிக்கும்' என்ற விருப்பம் மட்டும் அவ்வளவாக மாறவில்லை. விருப்பம் அப்படியே இருந்தது. 'பெண்ணால் முடியாது' என்ற கணிப்பு கலைந்தது. தேர்தலில் வெல்ல அந்தக் கணிப்பு கலைந்ததே போதுமானதாக இருந்தது. இந்த ஒரு முடிவுதான் என் பழைய பதிலை மாற்றியது. அதுவரை நானும் மனமாற்றம்தான் முதல் படி என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஒரு கிராமத்தை வைத்து ஒரு தேசத்தைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பஞ்சாயத்துத் தலைவரை மக்கள் தினமும் பார்க்கிறார்கள், பிரதமரைத் திரையில்தான் பார்க்கிறார்கள். அதனால் இதை அப்படியே மேலே ஏற்றிவிடக் கூடாது. ஆனால் ஐஸ்லாந்தில் அதே திசையில் ஒன்று நடந்தது. 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் வீட்டு வேலை, வெளி வேலை இரண்டையும் நிறுத்தினார்கள். ஐந்தாண்டுகள் கழித்து, தனியாக ஒரு மகளை வளர்த்துவந்த விக்டிஸ் பின்பொகடோட்டிர் மூன்று ஆண்களை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு வாக்குகள்; மயிரிழையில் வெற்றி. 1988-இல் அவரை எதிர்த்து ஒருவர் நின்றபோது அதே நாடு அவருக்கு 90 சதவீதத்துக்கு மேல் வாக்களித்தது. 1980-இல் அவருக்கு வாக்களிக்காத பலர் அவரைப் பதவியில் பார்த்த பிறகே அவர் பக்கம் வந்தார்கள்.

இனி, எனக்கே தீர்மானமில்லாத பகுதி. 1937-இல் அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், தகுதியுள்ள ஒரு பெண் அதிபர் வேட்பாளராக நின்றால் வாக்களிப்பீர்களா என்று கேட்டபோது 33 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். நூற்றாண்டின் முடிவில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் நேராகக் கேட்டால் மக்கள் நாகரிகமான பதிலைச் சொல்வார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சுற்றுவழியில் கேட்டது: ஒரு பட்டியலைக் கொடுத்து, இவற்றில் எத்தனை உங்களைக் கோபப்படுத்துகின்றன என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லச் சொன்னது. ஒரு குழுவின் பட்டியலில் மட்டும் 'பெண் அதிபர்' சேர்க்கப்பட்டிருந்தது. இரண்டு குழுக்களின் வித்தியாசத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு உறுத்தல் இருந்தது. இதற்கு எதிர்த்திசையில், பல நாடுகளில் நடந்த 67 பரிசோதனைகளைத் தொகுத்து 2022-இல் வந்த ஆய்வு ஒன்று, மற்ற எல்லாம் சமமாக இருந்தால் மக்கள் பெண் வேட்பாளருக்குச் சராசரியாக 2 சதவீதப் புள்ளி கூடுதலாகவே சாய்கிறார்கள் என்றது. இரண்டும் கவனமாகச் செய்யப்பட்டவை. உச்சப் பதவிக்கும் மற்றப் பதவிகளுக்கும் உள்ள வேறுபாடு ஒரு காரணமாக இருக்கலாம், காலம் மாறியிருக்கலாம். நிஜ வாழ்க்கையில் 'மற்ற எல்லாம் சமம்' என்ற நிலை வருவதே இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதில் என் சொந்தக் கணிப்பு ஒன்று உண்டு. கட்சிக்காரர்களோடு பேசிய பல சந்தர்ப்பங்களில் நான் கேட்ட வாக்கியம்: 'எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை, ஜனங்கள் ஏத்துக்க மாட்டாங்க.' அடுத்தவரின் மனத்தில் இருப்பதாக நாம் ஊகிக்கும் பாரபட்சம், நிஜத்தில் இருக்கும் பாரபட்சத்தைவிடக் கூடுதல் கெடுதல் செய்கிறது என்றே நினைக்கிறேன். ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டிக் கையை விரித்தால், யாருமே எதிர்க்காத ஒரு பெண்கூடப் பட்டியலில் ஏறமாட்டார். இதை எண்களால் நிறுவ என்னால் முடியாது. பார்த்ததையும் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

வீடு என்ற விஷயத்தைக் குறைவாகத்தான் தொடுகிறேன், ஆனால் அது சின்ன விஷயமில்லை. அரசியல் என்பது இரவுக் கூட்டங்கள், ஓயாத பயணம், வருமானமில்லாத ஆண்டுகள். பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு என்ற எழுதாத விதி, ஆணுக்கு அந்த ஆண்டுகளைத் தருகிறது, பெண்ணிடமிருந்து பறிக்கிறது. குழந்தை இருந்தால் ஒரு கேள்வி, இல்லாவிட்டால் இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் ஜூலியா கில்லார்டு பிரதமராவதற்கு முன்பே, குழந்தை வேண்டாமென்று இருப்பவர் தலைமைக்குத் தகுதியில்லை என்று ஒரு செனட்டர் வெளிப்படையாகப் பேசினார். பெனசீர் 1990-இலும் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் 2018-இலும் பதவியில் இருக்கும்போதே குழந்தை பெற்றார்கள். இருவருக்கும் அது எதிராளிகளுக்கும் ஊடகங்களுக்கும் பேசுபொருளானது.

மதத்தைப் பலரும் முதல் காரணமாகச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள பாகிஸ்தான், வங்கதேசம், துருக்கி, இந்தோனேசியா நான்கிலும் பெண்கள் ஆண்டிருக்கிறார்கள். கத்தோலிக்க அயர்லாந்தில் 1990-இல் மேரி ராபின்சனும் அவருக்கு அடுத்து மேரி மெக்கலீஸும் அதிபரானார்கள். கலப்பை உழவு செய்த சமூகங்களின் வழித்தோன்றல்களிடம் இன்றும் பெண்களின் பொதுப் பங்கேற்பு குறைவு என்று காட்டும் ஓர் ஆய்வும் இருக்கிறது. உடல்வலுத் தேவைப்பட்ட கலப்பை பெண்ணை வயலிலிருந்து வீட்டுக்குள் அனுப்பியது, அந்த வழக்கம் உழவு போன பிறகும் மனத்தில் தங்கிவிட்டது என்பது வாதம். படிக்கும்போது மனம் ஒப்புகிறது. ஆனால் பல நூற்றாண்டு ஆழத்தில் கிடக்கும் ஒரு காரணத்தை வைத்து, நியூசிலாந்தில் மூன்று ஆண்டுகளில் நடந்ததை விளக்க முடியாது.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. நாட்டுத் தலைமைக்கு வந்த பெண்கள் உலகம் முழுக்கச் சேர்த்தாலும் மிகச் சிலரே, ஒவ்வொருவரின் கதையும் தனி. அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துப் பொது விதி எழுதுபவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள், என்னையும் சேர்த்து. எண்ணிக்கையும் அதிகாரமும் ஒன்றில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ருவாண்டா நாடாளுமன்றத்தின் கீழவையில் 60 சதவீதத்துக்கு மேல் பெண்கள்; ஆனால் 2000 முதல் அதிபர் ஒருவரே, அதிகாரம் அவரிடம்தான் குவிந்திருக்கிறது. கட்சி மூழ்கும் நேரத்தில்தான் பெண்ணிடம் சுக்கானைக் கொடுக்கிறார்கள் என்ற கருத்துக்குக் கனடாவின் கிம் கேம்பெல் பொருந்துகிறார்: 1993-இல் பிரதமரான சில மாதங்களில் அவருடைய கட்சி 2 இடங்களுக்குச் சுருங்கியது. ஆனால் ஜெர்மனியில் நன்கொடை ஊழலில் மூத்தவர்கள் சாய்ந்தபோது கட்சியை ஏற்ற அங்கெலா மெர்க்கலோ 16 ஆண்டுகள் ஆண்டார். அதனால் அதை விதி என்று சொல்ல எனக்கு மனமில்லை.

காத்திருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். பின்லாந்துப் பெண்கள் 1906-லேயே வாக்குரிமையும் போட்டியிடும் உரிமையும் பெற்றார்கள், 1907-இல் 19 பெண்கள் நாடாளுமன்றத்துக்குள் போனார்கள், ஆனால் முதல் பெண் பிரதமர் வந்தது 2003-இல். காலம் தானாக எதையும் செய்து கொடுக்கவில்லை. ஸ்வீடனில் 1994-லேயே நாடாளுமன்றத்தில் 40 சதவீதம் பெண்கள். ஆனாலும் முதல் பெண் பிரதமராக மக்தலேனா ஆண்டர்சன் வர 27 ஆண்டுகள் ஆயின, ஏனென்றால் பெரிய கட்சிகளின் தலைமை நாற்காலி பெண்களுக்கு அரிதாகவே கிடைத்தது. ஒரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அங்குள்ள மக்களின் மனத்தை அளப்பதற்கு முன்பு, பெரிய கட்சிகளின் வேட்பாளர் பட்டியலை யார் எந்த விதிப்படி எழுதுகிறார்கள், மீறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்தியாவில் 2023-இன் 106-ஆவது திருத்தம் மக்களவையில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 2024-இல் வென்ற 543 பேரில் பெண்கள் 74. அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்காமல் மூன்றில் ஒரு சீட்டைப் பெண்களுக்குக் கொடுக்க எந்தக் கட்சிக்கும் எந்தச் சட்டமும் தடையாக இல்லை.